ஓரியின் நாணமும் சபைக்கூச்சத்தின் வரலாறும்

முன்னுரை

நாமக்கல் மாவட்டத்தில் 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறினால் வருவது கொல்லிமலை. மலைமேல் செம்மேட்டில் வல்வில் ஓரியின் சிலை நிற்கிறது. ஆண்டுதோறும் ஆடி மாதத்தில் அவன் பெயரில் அரசு விழாவும் நடக்கிறது. ஓரி என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருபவை இரண்டு. ஒன்று, ஒரே அம்பில் பல விலங்குகளை வீழ்த்திய வில்திறன். மற்றொன்று, கடையெழு வள்ளல்களில் ஒருவன் என்ற கொடைப்புகழ்.

மூன்றாவதாகவும் ஒரு செய்தி உண்டு. பிறர் தன்னைப் புகழக் கேட்டு ஓரி கூச்சப்பட்டான் என்று புறநானூறு சொல்கிறது. சிலை வைக்கப்பட்ட வீரனைப் பற்றிய இந்தச் சிறு குறிப்பைப் பலரும் கவனிப்பதில்லை. ஆனால் இன்று உளவியலாளர்கள் ஆராய்ந்து வரும் ஒரு பெரிய கேள்விக்கு நல்ல தொடக்கம் இதுதான். மற்றவர் முன்னால் கூசுகிறவர், அஞ்சுகிறவர், அந்த மற்றவரின் மனத்தை எப்படிப் புரிந்துகொள்கிறார்? அவருக்குப் பிறர் மனம் தெரியாமல் போகிறதா, அல்லது தெரிய வேண்டியதைவிட அதிகமாகத் தெரிவதாகத் தோன்றுகிறதா?

காட்டில் நடந்த சந்திப்பு

புறநானூற்றின் 152ஆம் பாடல் வன்பரணர் பாடியது. பாணர் கூட்டம் ஒன்று காட்டு வழியே செல்கிறது. அங்கே ஒரு வேட்டுவன் எய்த அம்பு யானையை வீழ்த்தி, புலியைக் கொன்று, மானை உருட்டி, பன்றியைச் சாய்த்து, புற்றில் இருந்த உடும்பில் போய்த் தைக்கிறது. இவன் யார் என்று புலவர் யோசிக்கிறார். வேட்டையாடியதை விற்றுப் பிழைப்பவனாகத் தெரியவில்லை. செல்வம் உடையவனாகத் தெரிகிறான். மார்பில் ஆரம் தொங்குகிறது. மலைநாட்டுத் தலைவன் ஓரியாக இருக்குமோ, அல்லவோ என்று ஐயுறுகிறார்.

அந்த ஐயத்தோடு அவர் நின்றுவிடவில்லை. விறலியரிடம் முழவையும் யாழையும் பிற கருவிகளையும் எடுக்கச் சொல்கிறார். முறைப்படி பாடி முடித்து அரசனைக் குறிக்கும் சொல்லைச் சொன்னதும், அது தன் பெயராகவே இருப்பதால் அந்த வேட்டுவன் நாணுகிறான். ஐயம் தீர்ந்தது. உன்னைப் போன்ற வேட்டுவர் எந்த நாட்டிலும் இல்லை என்று பாணர்கள் சொல்லி, தாங்கள் விரும்பி வந்ததைக் கேட்பதற்குள் அவன் முந்திக்கொள்கிறான். வேட்டையாடிய மானின் இறைச்சியையும் தேறலையும் தந்து, தன் மலையில் விளைந்த பொன்னோடு மணிகளையும் சேர்த்துக் கொடுத்துவிடுகிறான்.

இந்தப் பாடலில் இரண்டு பேர் ஒருவர் மனத்தை ஒருவர் அறிய முயல்கிறார்கள். புலவர் அடையாளங்களைப் பார்க்கிறார், ஊகிக்கிறார், ஊகத்தை ஊகமாகவே வைத்துக்கொண்டு பாடிப் பார்க்கிறார், எதிரில் இருப்பவர் முகத்தில் வரும் மாற்றத்தைக் கண்டு முடிவு செய்கிறார். ஓரியோ கூசுகிற நிலையிலும் பாணரின் தேவையை அவர்கள் வாய் திறக்குமுன் அறிந்துகொள்கிறான். கூச்சம் அவன் கண்ணை மறைக்கவில்லை. அவன் கவனம் தன்மேல் இல்லாமல் எதிரில் நின்றவர்கள் மேல் இருந்தது. இதை நினைவில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் ஆய்வுகளைப் புரிந்துகொள்வது எளிது.

நாணம் வேறு, அவை அஞ்சுதல் வேறு

தமிழில் கூச்சத்துக்கும் அச்சத்துக்கும் தனித்தனிச் சொற்கள் உண்டு. நாணம் ஒரு நற்பண்பு. திருக்குறளில் நாணுடைமை என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. தகாததைச் செய்யக் கூசுவது அங்கே பெருமையாகப் பேசப்படுகிறது. ஓரியின் நாணம் தன்னைப் புகழும்போது வரும் அடக்கம்.

அவைக்கு அஞ்சுவது அப்படியன்று. பொருட்பாலில் 71ஆவது அதிகாரம் குறிப்பறிதல், 72ஆவது அவை அறிதல், 73ஆவது அவை அஞ்சாமை. இந்த வரிசை கவனிக்கத்தக்கது. முதலில் ஒருவர் மனத்தை முகத்தால் அறிவது, அடுத்து ஒரு கூட்டத்தின் தன்மையை அறிவது, அதன் பிறகு அந்தக் கூட்டத்தின் முன் அஞ்சாமல் பேசுவது. பிறர் மனம் அறிவதும் சபைக்கூச்சமும் ஒன்றோடொன்று தொடர்புடையவை என்பது இந்த அடுக்கிலேயே தெரிகிறது. போர்க்களத்தில் உயிர்விடத் துணிபவர் பலர், அவையில் அஞ்சாமல் பேசுபவர் சிலரே என்ற கருத்தும் 73ஆவது அதிகாரத்தில் வருகிறது. எத்தனை வீரம் இருந்தாலும் நாலு பேர் முன் நாக்கு ஒட்டிக்கொள்ளும் என்பது வள்ளுவர் காலத்திலேயே தெரிந்த செய்தி.

ஆனால் ஒரு வேறுபாட்டைச் சொல்லியாக வேண்டும். அமைச்சனுக்குரிய தகுதிகளைச் சொல்லும் இடம் என்பதால், அவை அஞ்சுபவரைக் குறள் கடுமையாகவே பேசுகிறது. அவர் கற்ற கல்வி பயனற்றது என்கிறது. இன்றைய மருத்துவம் அதே அச்சத்தை ஒருவரது குறையாகப் பார்ப்பதில்லை, உதவி தேவைப்படும் நிலையாகப் பார்க்கிறது.

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் இன்னும் நுட்பமானது. மனத்தில் தோன்றும் உணர்ச்சி உடலில் வெளிப்படுவதை எட்டு வகையாக அது பிரிக்கிறது. அச்சம் பிறக்கும் இடங்களாக அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என நான்கைச் சொல்கிறது. பேய்க்கும் புலிக்கும் திருடருக்கும் பயப்படுவதோடு, தனக்கு மேலே உள்ள மனிதருக்குப் பயப்படுவதும் சேர்த்து எண்ணப்பட்டிருக்கிறது. நகைக்கும் எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கு காரணங்கள். அதாவது ஒருவர் சிரித்தால் அதற்கு நான்கு காரணங்கள் இருக்கலாம், கேலி அவற்றில் ஒன்று மட்டுமே. சபைக்கூச்சம் மிகுந்தவருக்கு மற்ற மூன்றும் மறந்துபோகின்றன.

கொல்லிப்பாவையின் சிரிப்பு

கொல்லிமலைக்குச் சொந்தமான இன்னொரு கதை கொல்லிப்பாவை. குறுந்தொகையிலும் நற்றிணையிலும் தலைவியின் அழகுக்கு உவமையாக இந்தப் பாவை வருகிறது. காற்று, மழை, இடி எது வந்தாலும் தன் உரு மாறாத பாவை அது. பிற்காலக் கதைகளில் அது காவல் தெய்வமாகிறது. அரக்கர்களின் வாடை பட்டதும் சிரிக்கும், அந்தச் சிரிப்பில் மயங்கி நெருங்குபவர் உயிரிழப்பார் என்பது கதை. இன்றும் மலைமேல் எட்டுக்கை அம்மனைக் கொல்லிப்பாவையாக மக்கள் வணங்குகிறார்கள்.

வெளியே சிரிப்பு, உள்ளே வேறு எண்ணம் என்பதுதான் இந்தக் கதையின் அச்சம். வகுப்பில் எழுந்து பதில் சொல்லும் மாணவர், பின் பெஞ்சில் கேட்கும் சிரிப்பை இப்படித்தான் எடுத்துக்கொள்கிறார். கடைசி பெஞ்சில் யாரோ வேறு எதற்கோ சிரித்திருக்கலாம். ஆனால் எழுந்து நிற்பவருக்கு அது தன்னைக் குறிவைத்த சிரிப்பு.

மேற்கில் நோயாகப் பெயர் பெற்ற கதை

1872இல் சார்லஸ் டார்வின் மனிதர், விலங்குகளின் உணர்ச்சி வெளிப்பாடு பற்றி ஒரு நூல் வெளியிட்டார். முகம் சிவப்பதற்கு அதில் ஓர் அதிகாரம் உண்டு. மற்றவர் நம்மைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்ற எண்ணமே முகத்தைச் சிவக்க வைக்கிறது என்பது அவர் கருத்து. 1901இல் பிரான்சின் பால் ஆர்த்தன்பேர் கூச்ச சுபாவம் கொண்டவர்களைப் பற்றி ஒரு முழு நூலே எழுதினார். 1903இல் பியர் ழானே சமூகச் சூழல்களுக்கு அஞ்சுவதைத் தனி வகையாகக் குறிப்பிட்டார்.

ஜப்பானில் மொரிட்டா என்ற மனநல மருத்துவர் இதே காலகட்டத்தில் மனிதரை எதிர்கொள்ளும் அச்சத்தை விவரித்தார். அங்கே ஒரு வேறுபாடு இருந்தது. பிறர் தன்னைக் கேலி செய்வார்களோ என்பதோடு, தன் பார்வையோ முகச் சிவப்போ பிறரைச் சங்கடப்படுத்துமோ என்ற பயமும் அதில் அடக்கம். எந்த ஊரில் எதை அவமானம் என்கிறார்களோ, அதற்கேற்ப அச்சமும் உருவம் மாறுகிறது.

1960களில் இங்கிலாந்தில் ஐசக் மார்க்சும் மைக்கேல் கெல்டரும் சமூக அச்சத்தை மற்ற அச்சங்களிலிருந்து பிரித்துக் காட்டினார்கள். 1980இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோய்க் கையேட்டின் மூன்றாம் பதிப்பில் அதற்குத் தனி இடம் கிடைத்தது. அப்போதும் மருத்துவர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1985இல் லீபோவிட்சும் உடன் ஆய்வாளர்களும் எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே இதைப் புறக்கணிக்கப்பட்ட கோளாறு என்று குறிப்பிட்டார்கள். காரணம் எளியது. அஞ்சுகிறவர் மருத்துவரிடம் போய்ப் பேசவும் அஞ்சுகிறார். வீட்டில் உள்ளவர்கள் பையன் சங்கோஜி, பெண் அடக்கமானவள் என்று விட்டுவிடுகிறார்கள்.

பிறர் மனம் அறியும் ஆற்றல்

இன்னொரு பக்கம், மனத்தை அறியும் திறன் பற்றிய ஆய்வு தனியாக வளர்ந்தது. 1978இல் டேவிட் பிரிமாக், கை வுட்ரஃப் இருவரும் சிம்பன்சிக் குரங்குக்குப் பிறர் மனம் பற்றிய அறிவு உண்டா என்று கேட்டு ஒரு கட்டுரை எழுதினார்கள். 1983இல் விம்மர், பெர்னர் ஆகியோர் குழந்தைகளிடம் இதைச் சோதித்தார்கள். ஒருவர் ஓரிடத்தில் வைத்த பொருளை அவருக்குத் தெரியாமல் இடம் மாற்றிவிட்டால், அவர் எங்கே தேடுவார் என்பது கேள்வி. ஏறத்தாழ நான்கு வயதுக்கு மேல்தான் பெரும்பாலான குழந்தைகள் சரியாகச் சொல்கிறார்கள்.

பெரியவர்களுக்குக் கடினமான சோதனைகள் வேண்டியிருந்தன. சைமன் பேரன்-கோஹென் குழுவினர் கண்களை மட்டும் காட்டும் படங்களைக் கொடுத்து, அவர் என்ன உணர்கிறார் என்று கேட்கும் சோதனையை உருவாக்கினார்கள். 2001இல் வந்த திருத்திய வடிவத்தில் 36 படங்கள். 2006இல் வந்த மற்றொரு சோதனையில், ஒரு மாலை விருந்துக்குக் கூடும் நால்வரைப் பற்றிய குறும்படத்தைக் காட்டி, இடையிடையே நிறுத்தி, இந்த ஆள் இப்போது என்ன நினைக்கிறார் என்று கேட்கிறார்கள். இதில் தவறான விடைகளும் வகைப்படுத்தப்படுகின்றன. மனத்தைக் கவனிக்காமலே விடுவது ஒரு தவறு. இல்லாத எண்ணத்தை ஏற்றிச் சொல்வது இன்னொரு தவறு.

இந்த இரண்டு வரலாறுகளும் 2010களில் சந்தித்தன. 2011இல் இஸ்ரேலில் வெளியான ஓர் ஆய்வில், சமூகப் பதற்றம் மிகுந்தவர்கள் பிறர் உணர்ச்சியைக் கண்டறிவதில் நன்றாகவே செய்தார்கள். 2014இல் டயான் ஹெசல், ரிச்சர்டு மெக்நாலி இருவரும் வெளியிட்ட ஆய்வில், சமூக அச்சக் கோளாறு உள்ளவர்கள் மற்றவர்களைவிடக் குறைவாகச் செய்தார்கள். அவர்களுடைய தவறின் தன்மைதான் முக்கியமானது. படத்தில் வருபவர்களின் உணர்ச்சியை இருப்பதைவிடத் தீவிரமானதாகவும், சாதாரணச் செயலில் கூடுதல் பொருள் இருப்பதாகவும் அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். பிறர் மனத்தைப் படிக்காமல் விடவில்லை. அளவுக்கு மீறிப் படித்தார்கள்.

ஏன் இப்படி நேர்கிறது?

முதல் காரணம் கவனம் உள்நோக்கித் திரும்புவது. 1995இல் டேவிட் கிளார்க், ஏட்ரியன் வெல்ஸ் இருவரும் இதை ஒரு மாதிரியாக விளக்கினார்கள். அஞ்சுகிறவர் கூட்டத்துக்குள் நுழைந்ததும் தன் நெஞ்சுத் துடிப்பு, கை நடுக்கம், வியர்வை ஆகியவற்றைக் கவனிக்கத் தொடங்குகிறார். எதிரில் உள்ளவர் முகத்தைப் பார்க்கக் கவனம் மிச்சம் இருப்பதில்லை. ஆகவே தான் உள்ளே உணர்வதை வைத்தே பிறர் தன்னை எப்படிப் பார்க்கிறார் என்று முடிவு செய்கிறார். எனக்கு நடுக்கமாக இருக்கிறது, எனவே அவருக்கும் தெரிந்திருக்கும் என்பது கணக்கு.

இரண்டாவது, பிறர் பார்வையை மிகைப்படுத்துவது. இது எல்லோரிடமும் கொஞ்சம் உண்டு. 2000இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் தாமஸ் கிலோவிச் குழுவினர், அணியக் கூச்சப்படும்படி ஒரு பாடகரின் படம் போட்ட டி-சர்ட்டை மாணவர்களுக்கு அணிவித்து ஓர் அறைக்குள் அனுப்பினார்கள். அறையில் இருந்தவர்களில் பாதிப் பேர் கவனித்திருப்பார்கள் என்று மாணவர்கள் நினைத்தார்கள். உண்மையில் கவனித்தவர்கள் நால்வரில் ஒருவர் அளவுதான். சபைக்கூச்சம் மிகுந்தவருக்கு இந்த மிகை இன்னும் கூடுதல்.

மூன்றாவது, இருபொருள் படும் குறிப்புகளைக் கெட்டதாகவே எடுப்பது. எதிரில் பேசியவர் கொட்டாவி விட்டால், அவர் இரவு தூங்கவில்லை என்பது நினைவுக்கு வராது, நான் சலிப்பூட்டுகிறேன் என்பதே வரும்.

நான்காவது, பழைய அனுபவம். சிறு வயதில் எல்லோர் முன்னிலையிலும் கேலி செய்யப்பட்டது, அதட்டப்பட்டது போன்றவற்றின் காட்சி, பல ஆண்டுகள் கழித்தும் கூட்டத்தைக் காணும்போது சிலருக்கு மனத்தில் எழுகிறது. இன்றைய முகங்களை அன்றைய முகங்களாகப் பார்க்கிறார்கள்.

ஐந்தாவது, தற்காப்பு. கண்ணைப் பார்க்காமல் பேசுவது, ஒரே சொல்லில் பதில் சொல்வது, கூட்டத்துக்கே போகாமல் இருப்பது. இவற்றால் அப்போதைக்கு நிம்மதி கிடைக்கிறது. ஆனால் தன் ஊகம் சரியா தவறா என்று சோதிக்கும் வாய்ப்பு போய்விடுகிறது. வீட்டுக்கு வந்தபின் நடந்ததையெல்லாம் இரவு முழுவதும் ஓட்டிப் பார்க்கும்போது, ஊகம் மேலும் உறுதியாகிறது.

ஐந்தையும் சேர்த்துப் பார்த்தால் ஓரிடத்தில் வந்து நிற்கின்றன. ஊகம் தீர்ப்பாகிவிடுகிறது. ஐயத்துக்கு இடமின்றிப் பிறர் உள்ளத்தை அறிபவரைத் தெய்வத்துக்குச் சமமாகக் கொள்ள வேண்டும் என்ற கருத்து குறிப்பறிதல் அதிகாரத்தில் உண்டு. அப்படியானால் மற்ற மனிதர்களுக்கு ஐயம் இருப்பதே இயல்பு. சபைக்கூச்சம் மிகுந்தவர் தன்னை மிகத் தாழ்வாக நினைக்கிறார். ஆனாலும் பிறர் மனத்தை அறிவதில் மட்டும் தெய்வத்துக்குரிய உறுதியைத் தனக்குக் கொடுத்துக்கொள்கிறார்.

எல்லா அச்சமும் பிரமை அல்ல

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. கொல்லிமலையில் பெரும்பான்மையினர் மலையாளிப் பழங்குடி மக்கள். அவர்களுக்கென்று ஒரு பேச்சு வழக்கு உண்டு. மலையில் உண்டு உறைவிடப் பள்ளியில் படித்துவிட்டுச் சமவெளிக் கல்லூரிக்கு வரும் மாணவர், தன் பேச்சையும் ஊரையும் பிறர் எப்படி எடுத்துக்கொள்வார்களோ என்று தயங்குவது இயற்கை. சில நேரங்களில் அந்தச் சிரிப்பு உண்மையிலேயே எள்ளலாக இருக்கும். அப்போது மாற வேண்டியவர் அஞ்சுகிற மாணவர் அல்லர், சிரிக்கிறவர்கள். தம் இறைக்கு அஞ்சுதல் என்று தொல்காப்பியம் சொன்னது, மேல் கீழ் என்ற அமைப்பு இருக்கும் வரை இந்த அச்சமும் இருக்கும் என்பதையும் உணர்த்துகிறது.

ஆனால் ஒருமுறை கேலி செய்யப்பட்டவர் அதன்பின் எல்லாச் சிரிப்பையும் அப்படியே கொள்ளும்போது இழப்பு அவருக்குத்தான். இந்தக் கோளாறு பெரும்பாலும் பதின்பருவத்தில் தொடங்குகிறது. படிப்பு, நேர்முகத் தேர்வு, நட்பு எல்லாம் தீர்மானமாகும் வயது அது. பதில் தெரிந்தும் கை தூக்காத மாணவரை ஆசிரியர் படிக்காதவர் என்று நினைக்கிறார்.

கழைதின் யானையார் காட்டும் வழி

ஓரியைப் பாடிய மற்றொரு புலவர் கழைதின் யானையார். புறநானூறு 204ஆம் பாடல் அவருடையது. ஈ என்று கேட்பது இழிவு, இல்லை என்பது அதைவிட இழிவு என்று சொல்லும் புகழ்பெற்ற பாடல் அது. அதன் முடிவுப் பகுதி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. பரிசில் நாடிச் சென்றவர்கள் அது கிடைக்காதபோது, புறப்பட்ட நேரத்தையும் புள் நிமித்தத்தையும் பழிப்பார்களே தவிர வள்ளலைப் பழிக்க மாட்டார்கள், ஆகவே உன்மேல் எனக்கு வருத்தமில்லை ஓரி என்கிறார் புலவர்.

அவருக்கு இரண்டு விளக்கங்கள் எளிதாகக் கிடைத்திருக்கும். ஓரி என்னை மதிக்கவில்லை என்பது ஒன்று. நான் மதிக்கத்தக்கவன் அல்லன் என்பது மற்றொன்று. இரண்டையும் அவர் எடுக்கவில்லை. வேளை சரியில்லை என்று மூன்றாவதை எடுத்தார். இன்றைய சிகிச்சையில் செய்யப்படுவதும் ஏறத்தாழ இதுதான். ஒரு செயலுக்கு வேறு என்ன காரணங்கள் இருக்கலாம் என்று எழுதச் சொல்கிறார்கள். பிறகு, வன்பரணர் பாடிப் பார்த்தது போலச் சோதிக்கச் சொல்கிறார்கள். கவனத்தை உடம்பிலிருந்து எடுத்து எதிரில் இருப்பவர் மேல் வைத்துப் பேசச் சொல்கிறார்கள். பேசியதை வீடியோவில் காட்டுகிறார்கள். தான் நினைத்த அளவு நடுங்கவில்லை என்பதை அவரே பார்த்துக்கொள்ளலாம். 2013இல் இங்கிலாந்தின் மருத்துவ வழிகாட்டுதல், பெரியவர்களின் சமூக அச்சத்துக்கு இத்தகைய அறிதல்-நடத்தைச் சிகிச்சையையே முதலில் பரிந்துரைத்தது.

தமிழகத்திலும் வசதிகள் பெருகியுள்ளன. மாவட்ட மனநலத் திட்டம் நாட்டில் முதலில் தொடங்கப்பட்ட நான்கு மாவட்டங்களில், கொல்லிமலையின் அண்டை மாவட்டமான திருச்சியும் ஒன்று. 2022 அக்டோபர் 10 அன்று டெலி மானஸ் தொலைபேசி உதவி தொடங்கப்பட்டது. 14416 என்ற எண்ணில் தமிழிலும் பேசலாம். நேரில் ஒருவர் முகத்தைப் பார்த்துப் பேசத் தயங்குபவருக்கு முதல் அடியாக இது உதவும்.

முடிவுரை

நாணம் இருப்பது நோயன்று. ஓரியும் நாணினான். ஆனால் நாணிய பிறகு அவன் விலகி ஓடவில்லை. எதிரில் நின்றவர்களைப் பார்த்தான், அவர்களுக்கு என்ன வேண்டும் என்று கண்டுகொண்டான், கொடுத்தான். புலவரும் ஓரியோ அல்லனோ என்ற ஐயத்தை மறைக்காமல் பாடிப் பார்த்து உறுதி செய்துகொண்டார். சபைக்கூச்சத்தால் தவிப்பவர்கள் பிறர் மனத்தை அறியாதவர்கள் அல்லர். அவர்கள் செய்யும் ஊகத்தில் அந்த ஐயத்துக்கு இடம் இல்லாமல் போய்விடுகிறது, அவ்வளவுதான். அந்த இடத்தை அவர்களுக்குத் திரும்பக் கிடைக்கச் செய்வது மருத்துவர் வேலை மட்டுமன்று. வகுப்பறையில் ஒருவர் தட்டுத் தடுமாறி எழுந்து பேசும்போது, சிரிக்காமல் கேட்டுக்கொண்டிருப்பதும் அதில் ஒரு பங்குதான்.